கமிட்: ஒப்படைப்பதா, பதிவதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு மாணவருக்குக் ‘கமிட்’ புதிய சொல் இல்லை. “அவன் கமிட் ஆயிட்டான்” என்றால் காதலிக்கத் தொடங்கிவிட்டான். நடிகர் ஒரு படத்தில் கமிட் ஆனார் என்றால் நடிக்க ஒப்புக்கொண்டுவிட்டார். மலாயில் ‘கொமிடெட்’ என்றால் செய்யும் வேலையில் முழு ஈடுபாடுள்ளவர். நிரலில் செய்யும் மாற்றங்களை வரலாறாகக் காக்கும் ‘கிட்’ என்னும் கட்டற்ற மென்பொருளைக் கணினியில் நிறுவி, எழுதிய நிரலைச் சேமிக்கப் போகும்போது அதே சொல் எதிரில் நிற்கிறது. மேலே சொன்ன பொருள் எதுவும் அங்கே பொருந்தாது. கிட் பழகுகிறவர்கள் முதல் வாரத்தில் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் இந்தச் சொல்தான் காரணம்.

வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘கொம்’ என்றால் சேர்த்து, ‘மித்தெரே’ என்றால் அனுப்பு. இரண்டும் சேர்ந்த ‘கொம்மித்தெரே’, ஒன்றை ஒருவர் பொறுப்பில் ஒப்புவிப்பதைக் குறித்தது. நம் ஊர்க் கோயில் கமிட்டியும் இதே வேரில் பிறந்த சொல்தான்: பொறுப்பு ஒப்புவிக்கப்பட்டவர்கள். ஆங்கிலத்தில் ஒருவரைச் சிறைக்கு ஒப்புவிப்பதும், ஒரு செய்தியை மனத்தில் இருத்துவதும், குற்றம் செய்வதும் இந்த ஒரே வினைச்சொல்தான். தரவுத்தளத் துறையில் அதற்கு இன்னொரு பொருள் ஏறியது. அதுவரை தற்காலிகமாக இருந்த மாற்றங்களை ‘இனி இதுதான் நிலை’ என்று முடித்துவைக்கும் கட்டளை அது.

நிரல்களின் பதிப்புகளைக் காக்கும் மென்பொருள்களில் இந்தச் சொல் தொடக்கம் முதலே இருக்கவில்லை. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எழுதிய எஸ்.சி.சி.எஸ். ஒவ்வொரு மாற்றத்தையும் ‘டெல்டா’ என்றது. 1982இல் வால்டர் டிக்கி வெளியிட்ட ஆர்.சி.எஸ். ‘செக்-இன்’ என்றது. நெதர்லாந்தில் டிக் குரூன் தம் மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்வதற்காக எழுதி 1986இல் வெளியிட்ட சி.வி.எஸ்., தொடக்கத்தில் ‘சி.எம்.டி.’ என்றே அழைக்கப்பட்டது. அது ‘கமிட்’டின் சுருக்கம். அங்கே கமிட் செய்தால் மாற்றம் பொதுவான களஞ்சியத்துக்கு, அதாவது நிரலும் அதன் வரலாறும் சேமிக்கப்படும் இடத்துக்கு, உடனே போய்ச் சேர்ந்துவிடும். பிறகு வந்த சப்வெர்ஷனிலும் அப்படித்தான். களஞ்சியம் வேறு கணினியில் இருந்தால், இணைப்பு இல்லாமல் கமிட் இல்லை. ‘அனுப்பு’ என்ற இலத்தீன் வேர் அந்த மென்பொருள்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அவற்றைப் பற்றி எழுதியவர்கள் தமிழில் ‘ஒப்படை’ என்று சொல்லியிருந்தால் பிழை இல்லை.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருவகத்தை வளர்ப்பவர்கள் அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற பதிப்பு மென்பொருளின் உரிமம் திரும்பப் பெறப்பட்டதால் அவசரமாகப் பிறந்தது அது. கிட்டில் முழுக் களஞ்சியமும் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. கமிட் செய்தால் எதுவும் எங்கும் போகாது. அனுப்புவதற்குப் ‘புஷ்’ என்ற தனிக் கட்டளை உண்டு. சொல் பழையது, வேலை மாறிவிட்டது. இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் தோட்டப்புறத்தில் இது சிறிய வசதி இல்லை. நாள் முழுக்க இணைப்பில்லாமல் இருபது கமிட் செய்யலாம், டவுனுக்கு வந்தபின் ஒரே புஷ்ஷில் அனுப்பலாம்.

செம்பனைத் தோட்டத்து வேலையை அறிந்தவருக்கு இதன் அமைப்பு எளிதாகப் புரியும். மரத்தடியில் வெட்டிப் போட்ட குலைகள் ஒரு நிலை. சாலையோரப் பிளாட்பாரத்தில் கொண்டுவந்து அடுக்கியவை அடுத்த நிலை. கிராணி வந்து எண்ணிப் புத்தகத்தில் எழுதுவது மூன்றாவது. லாரி ஏறி ஆலைக்குப் போவது நான்காவது. கிட்டில் கோப்பைத் திருத்துவது முதல் நிலை, பதிய வேண்டியவற்றைத் தேர்ந்து அடுக்கும் ‘ஆட்’ இரண்டாவது, ‘கமிட்’ மூன்றாவது, ‘புஷ்’ நான்காவது. குலையை அடுக்கியதாலேயே அது கணக்கில் ஏறிவிடாது. கிராணி எழுதியதாலேயே ஆலைக்கும் போய்விடாது.

செய்முறையைப் பார்ப்போம். கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதுகிறோம், தட்டச்சில் ஆங்கிலச் சிற்றெழுத்துகள்தான். முதலில் ‘கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.நேம்’ என்று பெயரையும், ‘யூசர்.ஈமெயில்’ என்று மின்னஞ்சலையும் கொடுக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் பெரும்பாலும் முதல் கமிட்டிலேயே ‘நீங்கள் யார் என்று சொல்லுங்கள்’ என்ற பொருளில் பிழைச்செய்தி வந்து நின்றுவிடும். அந்த மின்னஞ்சல் ஒவ்வொரு கமிட்டிலும் எழுதப்படும். களஞ்சியத்தைப் பொதுவில் வெளியிட்டால் எவரும் அதைப் படிக்கலாம். அதனால் எந்த முகவரியைக் கொடுப்பது என்று முன்பே தீர்மானியுங்கள்.

நிரல் இருக்கும் கோப்புறைக்குள் நின்று ‘கிட் இனிட்’ கொடுத்தால் ‘.கிட்’ என்ற மறைவான கோப்புறை உருவாகும். வரலாறு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. அதை அழித்தால் நிரல் மிஞ்சும், வரலாறு போய்விடும். பிறகு ‘கிட் ஆட்’ என்று கோப்பின் பெயர், அடுத்து ‘கிட் கமிட் -எம்’ என்று மேற்கோள் குறிக்குள் ஒரு குறிப்பு. அந்த ‘-எம்’மை மறந்தால் பல கணினிகளில் ‘விம்’ என்ற உரைத் தொகுப்பி திறக்கும். விழிக்க வேண்டாம். எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி தட்டி என்டர் கொடுத்தால் வெளியே வரலாம். குறிப்பு காலியாக இருப்பதால் கமிட் நடக்காது, கோப்புக்கும் எந்தக் கேடும் வராது.

அதிகம் நடக்கும் தவறு இதுதான். கோப்பை ஆட் செய்தபின் மறுபடி இரண்டு வரி திருத்திவிட்டுக் கமிட் செய்வார்கள். ஆட் செய்த நொடியில் இருந்த வடிவம்தான் உள்ளே போகும், பின்னால் திருத்தியவை வெளியே நிற்கும். எது உள்ளே, எது வெளியே என்று காட்டும் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கட்டளையைக் கமிட்டுக்கு முன்னும் பின்னும் பார்க்கும் பழக்கம் இதைத் தடுக்கும். ‘கமிட் -ஏ’ ஆட்டைத் தவிர்க்கும் குறுக்குவழி. ஆனால் கிட் ஏற்கெனவே அறிந்த கோப்புகளை மட்டுமே அது எடுக்கும், புதிய கோப்பை விட்டுவிடும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘குலைக்கணக்கு’ என்று பெயரிட்ட கோப்பு ஸ்டேட்டஸில் 340, 256 என்று சாய்கோடும் எண்களுமாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. கிட் அந்தப் பைட்டுகளை எண்களாகக் காட்டுகிறது. ‘கோர்.கோட்பாத்’ என்ற அமைப்பைக் கான்ஃபிக்கில் ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் தமிழ் தமிழாகவே தெரியும்.

ஒவ்வொரு கமிட்டும் அந்த நேரத்துக் கோப்புகளின் முழுநிலை, முந்தைய கமிட்டின் அடையாளம், எழுதியவர், நேரம், குறிப்பு ஆகியவற்றைத் தாங்கி, 40 இலக்க அடையாளத்தோடு நிற்கிறது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அடையாளம் மாறிவிடும். கமிட் கட்டளையோடு சேர்க்கும் ‘--அமெண்ட்’ பழைய கமிட்டைத் திருத்துவதில்லை, அதன் இடத்தில் புதிய ஒன்றை வைக்கிறது. புஷ் செய்து பிறர் எடுத்துக்கொண்டபின் அதைக் கையாண்டால் அவர்கள் வரலாறும் உங்கள் வரலாறும் பிரிந்துபோகும். கடவுச்சொல்லைத் தவறுதலாகக் கமிட் செய்து புஷ்ஷும் செய்துவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை. பழையதில் அது அப்படியே இருக்கும். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

இனித் தமிழ்ச் சொல். ‘கடப்பாடு’, ‘அர்ப்பணிப்பு’ என்பவை வேறு பொருளுக்கு உரியவை. ‘ஒப்படை’ கிட்டில் புஷ்ஷோடு குழம்பும். ‘பதிவேற்று’ என்பதும் அப்படியே. ‘பதிவிடு’ நல்ல சொல்தான், ஆனால் முகநூலில் பதிவிட்டார் என்று படித்துப் பழகியவர், கமிட் செய்தால் ஊரே பார்க்கும் என்று நினைப்பார். அந்த எண்ணம்தான் இங்கே ஆபத்து.

கணக்கில் ஏறுவதற்குத் தமிழில் பழைய சொல் இருந்தது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, முதலாம் ராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். அரசன் வாயால் சொன்னது ஓலையில் எழுதப்பட்டு வரிக்கணக்கில் ஏற்றப்பட்டது. இதைக் கல்வெட்டுத் தமிழ் ‘வரியிலிடுதல்’ என்கிறது. பொருள் கச்சிதம். ஆனால் இன்று ‘வரி’ என்றதும் வருமான வரிதான் நினைவுக்கு வரும்.

எங்கள் தேர்வு ‘பதி’ என்ற வினை, ‘பதிகை’ என்ற பெயர். வருகை, செய்கை போல அமைந்த சொல், சமூக ஊடகச் சாயல் இல்லாதது. கமிட் குறிப்பு ‘பதிகைக் குறிப்பு’ ஆகும். ‘பதிப்பு’ வெர்ஷனுக்கு ஏற்கெனவே வழங்குவதால் இரண்டும் ஒரு குடும்பமாகவும் நிற்கும். இறந்தகாலத்தில் ‘பதிந்தேன்’ என்று எழுதுங்கள். ‘பதித்தேன்’ கல்லுக்கும் அச்சுக்கும் உரியது.

பேச்சில் கமிட் என்றே சொல்லலாம். பதிகைக் குறிப்பைத் தமிழில் எழுதக் கிட் தடை சொல்வதில்லை. முதல் வரியை ‘பழுக்காத குலைகளை எடைக் கூட்டலிலிருந்து நீக்கியது’ என்பது போலச் சுருக்கமாக வைத்து, ஒரு வரி இடைவெளி விட்டு, மாற்றியதற்கான காரணத்தைக் கீழே எழுதுங்கள்.