சோர்ந்த மூளையில் வாசிப்பு எப்படி மீள்கிறது

புத்தகம் படிக்க முடியவில்லை என்று சொல்பவர்களில் பலர் நாள் முழுவதும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும் நவம்பர் மாதத்தில், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கணினி முன் அமர்ந்திருக்கும் ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிட்டாவில் உள்ள பெயர் ஆதாரில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா, அடங்கலில் குறித்திருக்கும் சர்வே எண்ணும் உட்பிரிவும் சரியா, ஏர்ஸ் அளவில் இருக்கும் பரப்பு ஏக்கர் கணக்கில் எவ்வளவு, வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போயிற்றா என்று காலை முதல் இருட்டும் வரை அவர் பார்ப்பதெல்லாம் எழுத்துதான். ஒரு காலத்தில் விடிய விடிய நாவல் வாசித்த அதே மனிதர், இரவு வீட்டுக்கு வந்து புத்தகத்தைக் கையில் எடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே கண் மட்டும் ஓடுகிறது. எதுவும் மனத்தில் ஏறுவதில்லை. சோம்பல் என்றும், வயதாகிவிட்டது என்றும், கைப்பேசி கெடுத்துவிட்டது என்றும் இதற்கு வீட்டிலேயே மூன்று தீர்ப்புகள் கிடைக்கும். மூன்றும் பெரும்பாலும் தவறு. பணிச்சோர்வுதான் காரணமாக இருக்கக்கூடும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வு ஒரு நோயாகச் சேர்க்கப்படவில்லை. வேலையிடத்தில் முறையாகக் கையாளப்படாத நாட்பட்ட மனஅழுத்தத்தின் விளைவாகவே அது குறிக்கப்பட்டிருக்கிறது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், தன் திறமை குறைந்துவிட்டதாக உணர்தல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இந்த வரையறை வேலையைப் பற்றியது மட்டுமே. ஆனால் வேலைக்குச் செல்லும் மூளையும் புத்தகத்துக்கு வரும் மூளையும் ஒன்றுதான் என்பதால், வாசிப்பின் எந்தப் படியில் இந்தச் சோர்வு கை வைக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் படி கண். நாம் வாசிக்கும்போது பார்வை வரியின்மீது வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றுகிறது, அப்படிப் போவதில்லை. தாவுகிறது, நிற்கிறது, மறுபடியும் தாவுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் எமில் ஜாவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வகத்தில் இது கவனிக்கப்பட்டது. ஒவ்வொரு நிறுத்தமும் சராசரியாக 200 முதல் 250 மில்லி விநாடி; இடையிலுள்ள தாவலுக்கு 20 முதல் 40 மில்லி விநாடி. நிற்கும்போது மட்டுமே எழுத்து தெளிவாகப் பதிகிறது. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற நம் நெடுஞ்சொற்களில் கண் ஒரு முறைக்கு மேல் நின்றுதான் கடக்கும். பதிந்த வடிவத்தை எழுத்தென்றும் சொல்லென்றும் அடையாளம் காணும் பகுதி மூளையின் இடப்புற அடிப்பக்கத்தில் இருக்கிறது. எழுத்து என்பது தோன்றியே ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன என்பதால் மூளைக்குப் பிறவியிலேயே வாசிப்பு உறுப்பு கிடையாது. பொருள்களையும் முகங்களையும் இனங்காணும் பரப்பின் ஒரு பகுதியே பயிற்சியால் எழுத்துக்கு ஒதுக்கப்படுகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் விளக்குகிறார். பழகிய வாசகருக்கு இந்தப் படி தானாக நடக்கும். எத்தனை சோர்வாக இருந்தாலும் பேருந்தின் பெயர்ப்பலகையை வாசிக்காமல் இருக்க முடியாதல்லவா?

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. வாக்கியத்தின் தொடக்கத்தை நினைவில் நிறுத்தி முடிவோடு இணைப்பதும், யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு யார்மேல் கோபம் என்பதைப் பக்கம் பக்கமாகச் சுமந்து செல்வதும் செயல்நினைவின் வேலை. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணி அதை நடத்துகிறது. மனஅழுத்தத்தில் நார்அட்ரினலின், டோபமின் என்ற மூளை வேதிப்பொருள்கள் அளவுக்கு மீறிச் சுரக்கும்போது இப்பகுதியின் நரம்பணு இணைப்புகள் வலுவிழப்பதையும், கட்டுப்பாடு பழக்கத்தாலும் அச்சத்தாலும் இயங்கும் பகுதிகளின் கைக்குப் போவதையும் யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார். மேட்டூரில் நீர் குறைந்தால் தலைமடைக்காரருக்கு உடனே தெரிவதில்லை, முதலில் காய்வது கடைமடை. அதுபோல அன்றாட வேலையைச் செய்து முடிக்கும் அளவுக்குக் கவனம் மிஞ்சியிருக்கும்போதே, அதன் கடைசி வாய்க்காலில் இருக்கும் ஆழ்ந்த வாசிப்பு வறண்டுவிடுகிறது. வேலையெல்லாம் நன்றாகத்தானே செய்கிறேன், புத்தகம் மட்டும் ஏன் ஓடவில்லை என்ற குழப்பத்துக்கு இதுவே விடை.

இந்த நிலை நிலைத்துவிடுவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. பெரிய தேர்வு ஒன்றுக்காகப் பல வாரங்கள் அழுத்தத்தில் தயாராகிக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்களை லிஸ்டன், மெக்யூவன், கேசி ஆகியோர் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கவனத்தைத் திருப்பும் திறனும் அதற்குரிய முன்மூளைத் தொடர்பும் அவர்களிடம் குறைந்திருந்தன. தேர்வு முடிந்து, அழுத்தம் குறைந்து ஒரு மாதம் கழிந்தபின் சோதித்தபோது இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. அவர்கள் இளைஞர்கள், ஆண்டுக்கணக்கில் சோர்ந்த ஒருவருக்கு அதே ஒரு மாதத்தை வாக்குறுதியாகக் கொடுக்க முடியாது. திசை அதுதான்.

இனி, கண் ஓடியும் மனத்தில் ஏறாத அந்தப் பக்கத்துக்கு வருவோம். பொதுவாக அரிய சொல்லில் கண் சற்றுக் கூடுதலாக நிற்கும், பழகிய சொல்லை விரைந்து கடக்கும். மனம் வேறெங்கோ போய்விட்ட நேரத்தில் இந்த வேறுபாடு மங்கிவிடுவதைக் கண்ணசைவு ஆய்வுகள் காட்டுகின்றன. அதாவது, கண் அப்போது சொற்களைக் கேட்டு நடக்கவில்லை, வெறுமனே நடந்துகொண்டிருக்கிறது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பிழை கண்டுபிடிப்பதற்காக வாசிக்கும்போது கண்ணின் நடத்தையே வேறு. பொருளுக்காக வாசிப்பதைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் சந்தேகித்துக்கொண்டு அது நகர்கிறது. சிட்டாவையும் அடங்கலையும் பத்து மணி நேரம் ஒப்பிட்ட ஒருவர் அதே கண்ணோடுதான் நாவலுக்கு வருகிறார். கதையில் தேடிப் பிடிக்கப் பிழை எதுவும் இல்லை. அதனால் இங்கே செய்ய வேலை இல்லை என்று அந்தக் கண் முடிவுகட்டிவிடுகிறது என்பது என் ஊகம்.

ஆசை என்ன ஆயிற்று? இதுதான் இந்த விஷயத்தின் நடுப்பகுதி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், டோபமின் ஏறத்தாழ முழுவதும் நீக்கப்பட்ட எலிகளைக் கவனித்தார். பக்கத்திலேயே உணவிருந்தும் அவை நகர்ந்து போய்த் தின்னவில்லை. ஊட்டாவிட்டால் பட்டினியில் இறந்துவிடும் நிலை. ஆனால் சர்க்கரைநீரை நாக்கில் விட்டால் மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கிச் சுவைத்தன. ஒன்றை நாடுவதும் அதை அனுபவிப்பதும் மூளையில் வேறு வேறு ஏற்பாடுகள் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் கண்டது இதற்குத் துணை நிற்கிறது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமின் நரம்பணுக்கள் துடித்தெழுகின்றன; எதிர்பார்த்தபடியே கிடைத்தால் சலனமில்லை; எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் இருந்த துடிப்பும் அடங்குகிறது. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்திலிருந்துதான் மூளை அடுத்த முறை எதை நாடுவது என்று கற்கிறது.

வாசிப்புக்கு இதைப் பொருத்திப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். களைத்த இரவுகளில் புத்தகத்தைத் திறந்து, பத்து வரி போராடி, மூடி வைக்கும் ஒவ்வொரு முறையும் மூளை ஒரு பாடம் கற்கிறது: அட்டையைத் திறந்தால் உழைப்பு உண்டு, வரவு இல்லை. நாளடைவில் கை புத்தகத்தின் பக்கம் போவதே நின்றுவிடுகிறது. வாசிப்பில் எனக்கு ஆர்வமே போய்விட்டது என்று அவர் சொல்வது நாட்டத்தைப் பற்றிய செய்தி. சுவை இன்னும் உள்ளே இருக்கக்கூடும். எதிர்பார்த்ததைவிடச் சற்றே நன்றாக முடியும் சிறு வாசிப்புகள்தான் அந்தக் கணக்கைத் திருத்தும்.

ஆகவே ஆண்டுக்கு ஐம்பது புத்தகம் என்பது போன்ற இலக்குகளோடு மீளப் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற ஆய்வாளர்கள். பின்னர் ஓய்வு நேரத்தில் கவனித்தபோது, அந்தப் பிரிவினர் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தனர். 1973இல் வெளியான ஆய்வு இது. விளையாட்டு வேலையாகிவிட்டால் ஓய்வு நேரத்தில் யார் வேலை செய்வார்? அலுவலகத்தில் இலக்கு, வீட்டில் வாசிப்புக்கும் இலக்கு என்றால் சோர்ந்தவர் எங்கேதான் போவது?

முன்பே படித்து விரும்பிய கதையை மறுபடி எடுப்பது பலருக்குக் கைகொடுக்கிறது, காரணமும் விளங்கக்கூடியதே. பாத்திரங்களும் முடிவும் தெரிந்திருப்பதால் செயல்நினைவின் சுமை இறங்குகிறது, விட்ட இடத்தைத் தேட வேண்டியதில்லை, மிச்சமிருக்கும் கவனம் நடைக்கும் நகைச்சுவைக்கும் கிடைக்கிறது. சிறுகதையும் இப்படியே உதவும். தாளா, திரையா என்ற சண்டையில் அதிகம் தங்க வேண்டாம்: 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான பகுப்பாய்வில், தகவல் சார்ந்த உரைகளுக்குத் தாள் சற்று மேலாக இருந்தது, கதைகளில் வித்தியாசம் தென்படவில்லை. அதைவிடப் பெரிய தடை, இரவு ஒன்பது மணிக்கும் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் செய்தி. வேலை முடிந்தபின் மனத்தளவிலும் வேலையிலிருந்து விலகுபவர்களே நன்றாக மீள்கிறார்கள் என்பதை உளவியலாளர் சபீன் சோனன்டாக்கின் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபை பிள்ளையின் முயற்சியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும் நூலகம் தொடங்கியது. இரவல் நூலால் சோர்ந்த வாசகருக்கு ஒரு வசதி உண்டு, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை: காசு கொடுத்து வாங்கியதைப் பாதியில் விட மனம் வராது, இரவல் வாங்கியதைக் குற்றவுணர்வின்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம். பிடிக்காததை முடிக்கப் போராடாதவரின் மூளை, மேலே சொன்ன கசப்புப் பாடத்தைக் குறைவாகவே கற்கும்.

புத்தகம் மட்டுமல்லாமல் சாப்பாடு, பாட்டு, பிள்ளைகளின் பேச்சு என எதிலுமே சுவையின்றி இரண்டு வாரங்களுக்கு மேல் போகிறதென்றால், அதைப் பணிச்சோர்வு என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.