ஆலை இல்லாத ஊரும் அரைக்காத மில்லும்

'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்ற பழமொழியில் வரும் ஆலை எது? தொழிற்சாலை என்று எடுத்துக்கொண்டால் பழமொழியே புரியாது. அது கரும்பு ஆலை. பெரும்பாணாற்றுப்படை 'புகைசூழ் ஆலை' என்பதும் கரும்புச்சாறு காய்ச்சும் இடத்தைத்தான். இன்று பஞ்சாலை, இரும்பாலை என்கிறோம். அங்கே சாறு எங்கே வருகிறது?

'மில்' கதையும் இதேதான். லத்தீனில் 'மொலேரே' என்றால் அரைத்தல். அதன் வழிவந்த 'மில்' மாவரைக்கும் இடம். ரைஸ் மில் சரி, பஞ்சு மில்லில் எதை அரைக்கிறார்கள்?

விடை எந்திரத்துக்குள் இருக்கிறது. ஐரோப்பாவின் ஆற்றோர மில்லில் தண்ணீர் தள்ளப் பெரிய சக்கரம் சுழலும். அதன் படுக்கை அச்சு கட்டடத்துக்குள் வரும். அங்கே இரண்டு பல்சக்கரங்கள் அந்தச் சுழற்சியை நிமிர்ந்த தண்டுக்கு மாற்ற, தண்டின் முனையில் திரிகைக் கல் சுற்றும். கல் இதில் கடைசி உறுப்பு மட்டுமே. அதைக் கழற்றிவிட்டு, படுக்கை அச்சில் முளைகள் வைத்தால் அவை சம்மட்டிகளைத் தூக்கித் தூக்கிப் போடும். கம்பளித் துணியை மிதிக்கலாம். கந்தலை இடித்துக் காகிதக் கூழாக்கலாம். மரம் அறுக்கவும் வழி உண்டு. வேலை மாறினாலும் சக்கரம் அதேதானே, பெயரை எதற்கு மாற்ற வேண்டும்?

1771-இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் இங்கிலாந்தின் குரோம்ஃபோர்டில் அந்தச் சக்கரத்தைப் பஞ்சு நூற்கவிட்டார். அவருடைய எந்திரத்தில் ஜோடி ஜோடியாக உருளைகள். முதல் ஜோடியைவிட அடுத்தது வேகமாகச் சுழலும். இடையில் அகப்பட்ட பஞ்சு இழுபட்டு மெலியும், பிறகு முறுக்கேறி நூலாகும். மாடு சுற்றிய கரும்பாலையிலும் உருளைகள்தான், ஆனால் அவை நசுக்கும், இவை இழுக்கும். பஞ்சாலை என்று முதலில் சொன்னவர் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார். இருந்தாலும் பொருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிறகு நீராவி வந்தது. சக்கரம் போயிற்று, பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஆனால் பாபநாசத்தில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் தாமிரபரணித் தண்ணீரே பஞ்சாலையை ஓட்டியது. கோயம்புத்தூருக்குத் தண்ணீர் கம்பி வழியாக வந்தது: 1932-இல் நீலகிரியின் பைக்காரா ஆற்றிலிருந்து எடுத்த மின்சாரம் கிடைத்ததும் அங்கே மில்கள் மளமளவென்று பெருகின.