சேனல் யார் பேரில் இருக்கிறது?

கண்டென்ட் கிரியேட்டர் ஆக வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது சப்ஸ்கிரைபர் எப்படி ஏறும், எந்த கேமரா வாங்கலாம், எத்தனை மணிக்கு வீடியோ போட்டால் நன்றாகப் போகும் என்பதைத்தான். இதற்கெல்லாம் பதில் சொல்ல இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் வழக்கறிஞர். காப்பிரைட்டும் ஒப்பந்தமும்தான் என் வேலை, இப்போது என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் சம்பாதிக்கிறவர்கள். அவர்கள் என்னைத் தேடி வரும் நேரத்தில் வியூஸ் பிரச்சினை எல்லாம் தீர்ந்திருக்கும், சேனல் நன்றாக வளர்ந்திருக்கும், அது யாருடையது என்பதில்தான் தகராறு இருக்கும். வளராத சேனலுக்கு யாரும் சண்டை போடுவதில்லை. அதனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: வளர்ப்பது எப்படி என்று யோசிக்கும் முன், வளரப்போவது உங்களுடையதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அதிகம் வருவது நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்த சேனல். ஒருவர் பேசுவார், இன்னொருவர் படம் எடுத்து எடிட் செய்வார். அன்றைக்கு யாருடைய லேப்டாப் திறந்திருந்ததோ அவருடைய சொந்த ஜிமெயிலில் சேனல் உட்கார்ந்திருக்கும், கணக்கை மீட்கும் நம்பராக அவருடைய போன்தான் இருக்கும், விளம்பரப் பணமும் அவருடைய வங்கிக் கணக்குக்கே போகும். இரண்டு வருடம் கழித்து மனஸ்தாபம். "மேடம், முகம் என்னுடையது, குரல் என்னுடையது, சேனல் மட்டும் எப்படி அவனுடையது ஆகும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் லாகின் யாரிடம் இருக்கிறதோ அவரைத்தான் தளம் உரிமையாளராகப் பார்க்கும், நீங்கள் இருவரும் வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டதை அது விசாரிக்காது. நீதிமன்றம் விசாரிக்கும், ஆனால் அது முடிவதற்குள் பார்வையாளர்கள் வேறு சேனலுக்குப் போயிருப்பார்கள்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. சேனலுக்கென்று தனி மின்னஞ்சல் தொடங்குங்கள். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், யூடியூபிலேயே உரிமையாளர், மேலாளர், எடிட்டர், பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர் என்று தனித்தனியாகப் பொறுப்பு கொடுக்கும் வசதி இருக்கிறது. அப்புறம் ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்: சேனலின் பெயர் யாருக்கு, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் பழைய வீடியோக்கள் என்ன ஆகும். அண்ணன் தம்பியாக இருந்தாலும், கணவன் மனைவியாக இருந்தாலும் எழுதுங்கள். பணம் வராத காலத்தில் இதைப் பேசுவது சுலபம், ஏனென்றால் அப்போது யாருக்கும் இழக்க ஒன்றும் இல்லை. பணம் வந்த பிறகு இதே பேச்சை எடுத்தால் சந்தேகப்படுகிறாயா என்று கேட்பார்கள்.

வேலையில் இருந்துகொண்டே ஆரம்பிக்கிறவர்கள் தங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்து ஒரு தடவை படியுங்கள். வெளி வருமானத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று இருக்கலாம், பணிக்காலத்தில் உருவாக்குவது எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்றும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் ஆபீஸ் லேப்டாப்பில் எடிட் செய்யாதீர்கள்.

சரி, காப்பிரைட். பத்து விநாடி வரை பாட்டு போடலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 'உரிமை அனைத்தும் உரியவருக்கே' என்று டிஸ்கிரிப்ஷனில் எழுதுவதாலும் ஒன்றும் ஆகாது, அது நீங்கள் தெரிந்தே எடுத்தீர்கள் என்பதற்குத்தான் சாட்சி. ஒரு பாட்டில் இசையமைப்பும் வரிகளும் ஒரு உரிமை, அதன் ஒலிப்பதிவு இன்னொரு உரிமை. நீங்களே பாடிப் போட்டால் இரண்டாவதைத் தாண்டிவிடுவீர்கள், முதலாவது அப்படியே நிற்கும். இன்ஸ்டாகிராம் கொடுக்கும் பாட்டைச் சொந்த ரீல்ஸுக்குப் போடலாம். அதே பாட்டை ஒரு பிராண்டிடம் காசு வாங்கிய ரீல்ஸில் போட்டால் அந்த அனுமதி பொருந்தாது. இது பலருக்கும் தெரியாது, பிராண்டுகளும் சொல்வதில்லை.

யூடியூபில் கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் என்பது உங்கள் வீடியோவில் இன்னொருவருடைய பாட்டோ காட்சியோ இருக்கிறது என்ற உரிமைக் கோரிக்கை, பெரும்பாலும் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை கண்டுபிடித்துப் போடுவது. பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்கும், அதன் வருமானம் பாட்டுக்காரருக்குப் போகும். அது தவறாக வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் 5 நாட்களுக்குள் மறுப்பு தெரிவியுங்கள், அப்படிச் செய்தால் கிளெய்ம் வந்த முதல் நாளிலிருந்தே வரும் வருமானம் தனியாக எடுத்து வைக்கப்படும். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள் அவகாசம். ஸ்ட்ரைக் என்பது சட்டப்படி வீடியோவை நீக்கச் சொல்லி வருவது. 90 நாட்களுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும், அதோடு இணைந்த மற்ற சேனல்களும் போகலாம். பயந்துபோய் வீடியோவை டெலீட் செய்கிறார்கள், அதனால் ஸ்ட்ரைக் போகாது. நீக்கியது தவறு என்று எதிர் அறிவிப்பு கொடுக்கலாம்தான், ஆனால் அது சட்ட ஆவணம், உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும். கோபத்தில் நிரப்பி அனுப்புகிற படிவம் இல்லை அது.

இதே சட்டம் உங்களையும் காக்கும். உங்கள் வீடியோவை வெட்டி வேறு யாராவது போட்டால் நீக்கச் சொல்லி நீங்களும் கேட்கலாம். அதற்கு எடிட் செய்யாத மூலக் காட்சிகளும் ப்ராஜெக்ட் ஃபைலும் தேதியோடு கையில் இருக்க வேண்டும், இடம் போதவில்லை என்று அழித்துவிடாதீர்கள்.

வருமானக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் விளம்பரப் பணம் வர 1000 சப்ஸ்கிரைபர்களும், கடைசி 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். ஷார்ட்ஸ் ஃபீடில் ஓடிய நேரம் அந்த 4000-இல் சேராது. நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதமும், ஷார்ட்ஸுக்கென்று ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதமும் உங்களுக்கு. கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் ஆட்சென்ஸ், அதாவது விளம்பரப் பணத்தைக் கொடுக்கும் கூகுளின் சேவை, பணத்தை அனுப்பும். அது கேட்கும் வரி விவரப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது, அதைத் தள்ளிப் போடாதீர்கள். சப்ஸ்கிரைபரைக் காசுக்கு வாங்காதீர்கள், அவர்கள் வீடியோ பார்க்க வரமாட்டார்கள், விதிப்படியும் தப்பு.

விளம்பரப் பணம் மாதா மாதம் ஏறி இறங்கும் என்பதால் சீக்கிரமே பிராண்ட் டீல் பக்கம் போவீர்கள். இங்கேதான் நான் நிறைய நேரம் செலவழிக்கிறேன். ஒப்பந்தம் பத்துப் பக்கம் இருக்கும், எல்லோரும் தொகை எழுதிய பக்கத்தை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது உரிமை பற்றிய பத்தி. 'உலகம் முழுவதும், எக்காலத்துக்கும், எல்லா ஊடகங்களிலும், திரும்பப் பெற முடியாத உரிமை' என்று ஒரே வாக்கியம் நாலு வரிக்கு ஓடும். அதன் விளைவு என்னவென்றால், ஒரு ரீல்ஸுக்கு வாங்கிய காசுக்கு உங்கள் முகத்தை அவர்கள் எத்தனை வருடம் வேண்டுமானாலும் தங்கள் விளம்பரத்தில் ஓட்டலாம், வெட்டலாம், வேறு குரல் சேர்க்கலாம். இதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அவர்களுடைய பக்கத்தில் மட்டும், 90 நாளைக்கு மட்டும், காசு கட்டி விளம்பரமாக ஓட்டினால் தனிக் கட்டணம், இந்த மூன்றும் போதும். கேட்டால் டீல் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். பல நிறுவனங்கள் அந்த வரியை எல்லோருக்கும் அனுப்பும் மாதிரிப் படிவத்தில் வைத்திருக்கின்றன, அவ்வளவுதான், கேட்டவருக்கு மாற்றித் தருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது 'போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்யக் கூடாது' என்ற வரி. போட்டி என்றால் யார்? சருமப் பராமரிப்பு பற்றியே பேசும் ஒரு பெண் ஒரே ஒரு க்ரீமுக்காக 'அழகு சாதனப் பொருட்கள் எதற்கும்' ஒரு வருடம் வேறு விளம்பரம் செய்யமாட்டேன் என்று கையெழுத்திட்டால், அந்த ஒரு தொகையில் ஒரு வருடம் ஓட்ட வேண்டும். நிறுவனங்களின் பெயரைப் பட்டியலாக எழுதித் தரச் சொல்லுங்கள், காலத்தையும் சுருக்குங்கள். பணம் 'பிரசாரம் முடிந்து 60 நாளில்' என்று இருந்தால், முடிந்தது என்று யார் சொல்வது என்று கேளுங்கள். வீடியோ வெளியான தேதியிலிருந்து எண்ணும்படி எழுத வேண்டும், பாதித் தொகை முன்பணமாக வந்தால் நல்லது. எத்தனை தடவை திருத்தம் செய்து தருவீர்கள் என்பதும் எண்ணிக்கையாகவே இருக்கட்டும்.

விளம்பரம் என்பதைச் சொல்லாமல் செய்யச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பொறுப்பு பிராண்டோடு நிற்காது, உங்கள் மேலும் வரும், உங்களை நம்பிக் காசு செலவழித்தவர்களிடம் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். யூடியூபில் பெய்ட் ப்ரமோஷன் பெட்டியில் டிக் போடுங்கள், வாயாலும் சொல்லுங்கள்.

போலி ஸ்பான்சர் மெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நன்றாகப் போகிற சேனல்களை ஒரே மதியத்தில் காலி செய்வது அதுதான். தெரிந்த மென்பொருள் நிறுவனத்தின் பெயரில் மரியாதையாக ஒரு மெயில் வரும், உங்கள் சமீபத்திய வீடியோவைப் பற்றி ஒரு வரி பாராட்டு இருக்கும். நீங்கள் பதில் போட்டால் ஒன்றிரண்டு நாள் தொகை பற்றிப் பேரம்கூடப் பேசுவார்கள். பிறகு ஒப்பந்தம் என்று சொல்லி பாஸ்வேர்ட் போட்ட ஜிப் ஃபைல் வரும். உள்ளே இருப்பது பி.டி.எஃப் போலவே தெரியும், முழுப் பெயரைப் பார்த்தால் கடைசியில் எஸ்.சி.ஆர் என்றோ இ.எக்ஸ்.இ என்றோ முடியும், அப்படி முடிந்தால் அது ஆவணம் இல்லை, திறந்ததும் ஓடும் மென்பொருள். திறந்தால் திரையில் ஒன்றும் நடக்காது. பின்னால் உங்கள் பிரவுசரில் இருக்கும் லாகின் குக்கீயை, அதாவது நீங்கள் ஏற்கனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குச் சொல்லும் சிறு பதிவை, எடுத்துக்கொண்டு போய்விடும். குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டும் தேவையில்லை, இரட்டைச் சரிபார்ப்பும் கேட்காது. சேனல் பெயர் மாறி, வீடியோ எல்லாம் மறைந்து, கிரிப்டோ மோசடி லைவ் ஓட ஆரம்பிக்கும். யூடியூபர்களைக் குறிவைத்து இந்த முறை நடப்பதை கூகுள் 2021 அக்டோபரில் விவரமாக வெளியிட்டது. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் சேனலே இப்படித்தான் பறிபோய்த் திரும்பக் கிடைத்தது. தொழில்நுட்பமே பேசுகிற சேனல் அது, அதனால் நமக்கு நடக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சேனலின் உரிமையாளர் கணக்கை அன்றாட மெயில் பார்க்கும் கணினியில் திறந்தே வைக்காதீர்கள். ஸ்பான்சர்களுக்கு வேறு மெயில், அதற்குச் சேனலில் எந்த அதிகாரமும் வேண்டாம். உண்மையான நிறுவனம் ஒப்பந்தத்தை ஜிப்பில் பூட்டி அனுப்பாது. ஏதோ திறந்துவிட்டோம் என்று சந்தேகம் வந்தால் அந்தக் கணினியின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறு சாதனத்திலிருந்து எல்லா இடத்திலும் லாக் அவுட் கொடுத்து பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு யூடியூபுக்குத் தெரிவியுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் தளமே மூடிப் போகலாம். வைன் என்ற குறு வீடியோ தளம் மூடப்போவதாக 2016 அக்டோபரில் அறிவிப்பு வந்தது, சில மாதத்தில் இல்லாமலே போனது. 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது அதை மட்டுமே நம்பி இருந்தவர்கள் ஒரே இரவில் பார்வையாளர்களை இழந்தார்கள். இரண்டு தளங்களில் இருங்கள், அதோடு உங்கள் ரசிகர்களின் மின்னஞ்சல் முகவரிகளை அவர்கள் சம்மதத்தோடு சேர்த்து வையுங்கள். சிறிய பட்டியலாக இருந்தாலும் பரவாயில்லை, எந்தத் தளம் போனாலும் அது உங்களிடம் இருக்கும்.

வேலையை விடலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைக் கேட்பதில்லை. ஒரே பிராண்டிடமிருந்து வந்த பெரிய தொகையைக் கழித்துவிட்டு, மிச்ச வருமானம் வீட்டுச் செலவுக்கு எத்தனை மாதமாகத் தொடர்ந்து போதுமாக இருக்கிறது என்று கேட்பேன். பெரும்பாலோர் அப்படிக் கணக்குப் போட்டே இருக்க மாட்டார்கள்.

முழுநேரமாக வந்த பிறகு முதலில் சேர்ப்பது எடிட்டராகத்தான் இருக்கும். அவருக்கு மாதம் எவ்வளவு என்று மட்டும் பேசி விடாதீர்கள். எடிட் செய்த வீடியோவும் ப்ராஜெக்ட் ஃபைலும் தம்ப்நெயிலும் பணம் கொடுத்ததும் யாருக்குச் சொந்தம், உங்கள் வேலையைத் தன் மாதிரியாக அவர் வெளியில் காட்டலாமா, விலகும்போது ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அவருக்குச் சம்பளம் என்றைக்கு வரும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். அவர் போகிற அன்றே சேனலில் கொடுத்த அனுமதியையும் நீக்கிவிடுங்கள்.