தோல் தானம்: அந்த ஆறு மணி நேரம் எங்கே வீணாகிறது?

இறந்தவரின் தோலை எடுத்துத் தீக்காயம் பட்டவருக்குப் பயன்படுத்தத் தருவதே தோல் தானம். மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் வந்தது. 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் தோல் உள்ளிட்ட திசுக்களையும் அதற்குள் கொண்டுவந்தது. 2014-இல் விதிகளும் வந்தன. பின்னணி இவ்வளவு போதும், ஏனெனில் தோல் கெட்டுப்போவது சட்டத்தால் அன்று, தாமதத்தால்தான். உயிர் பிரிந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதே, தானத் தோலைப் பெற்றுப் பதப்படுத்தி வைக்கும் தோல் வங்கிகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

18 வயது நிறைந்தவர் எவரும் தரலாம். மேல் வரம்பு இல்லை, இரத்த வகையும் பொருந்த வேண்டியதில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று சொல்லிக் குடும்பத்தினரே ஒதுங்கிவிடுகிறார்கள், அவை தடையல்ல. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி, தோல் புற்றுநோய், தோல் தொற்று போன்றவைதான் தடை. தொடை, கால், முதுகு ஆகிய இடங்களில் மெல்லிய படலத்தை மட்டும் எடுத்துக் கட்டுப் போட்டுவிடுவதால், வேட்டியோ சேலையோ உடுத்தியபின் வெளியே எதுவும் தெரியாது.

தானம் தருவதாகப் படிவம் 7-இல் உறுதிமொழி கொடுத்து அட்டை வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்பாதீர்கள். அட்டை பீரோவில் இருக்க, அதைப் பற்றி அறியாத வீட்டார் மறுநாள் கண்டெடுத்து வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். உறவினர் தொலைபேசியில் அழைத்தால்தான் குழு வரும். எனவே அருகில் உள்ள தோல் வங்கியின் எண்ணை இன்றே விசாரித்து வையுங்கள். தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் கட்டணமில்லா எண் 1800114770.

வாரிசுகள் அத்தனை பேரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று ஒரு மருத்துவமனையில் சொல்ல, வெளியூரிலிருந்த தம்பிக்காகக் காத்திருந்தே ஒரு குடும்பம் நேரத்தை இழந்தது. சட்டம் அப்படிக் கேட்கவில்லை. உடலைச் சட்டப்படி தம் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒப்புதல் தரலாம். நெருங்கிய உறவினர் எவரும் மறுக்கக் கூடாது, அவ்வளவே. ஆகவே தம்பியை வரவழைக்க வேண்டியதில்லை, அவருக்கு மறுப்பில்லை என்பதைத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டாலே போதும்.

வீட்டில் இறந்தால், இறப்புக்கான காரணத்தைக் குறித்துச் சான்றளிக்க மருத்துவர் கிடைப்பதே பெரும்பாடு. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் இதை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. நகராட்சி தரும் இறப்புச் சான்றிதழ் வேறு, அது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஃப்ரீசர் பெட்டியில் வைத்தாயிற்றே என்று அழைப்பைத் தள்ளிப்போடவும் வேண்டாம். விபத்து, தற்கொலை போன்றவற்றில் காவல்துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் எவரும் உடலைத் தொடமாட்டார்கள். பிரேதப் பரிசோதனைக்கான கடிதம் எழுதும் அதிகாரியிடமே அதையும் எழுத்தில் கேளுங்கள். தனியாக மனு எழுதி வரச் சொன்னால், அந்த மனுவோடு நேரமும் போய்விடும்.

தீக்காயம் பட்டவரின் குடும்பத்துக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். தானத் தோல் நிரந்தரமாக ஒட்டாது. சில வாரங்களில் உடல் அதை உதறிவிடும். அதுவரை கிருமித் தொற்றையும் நீரிழப்பையும் தடுத்து, நோயாளியின் சொந்தத் தோலை ஒட்டுவதற்கு அது அவகாசம் தருகிறது. ஆகவே தோல் உரிந்துவிட்டதே என்று பதறவோ, பொருந்தும் இரத்த வகையைத் தேடி அலையவோ வேண்டாம்.

தோலுக்கு விலை கிடையாது. விற்பதும் வாங்குவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தானம் தந்த குடும்பத்திடம் எடுக்கும் செலவைக் கேட்கவே கூடாது. ஆனால் பதப்படுத்தும் செலவு, போக்குவரத்துச் செலவு என்று நோயாளியிடம் வாங்க விதிகளில் இடமுண்டு. ஆகவே உங்களிடம் தொகை கேட்கப்பட்டால், எது எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீது பெறாமல் பணம் கட்டாதீர்கள்.