மாதிரி கிடக்கட்டும், முதலில் சீட்டைக் காப்பாற்றுங்கள்

இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கண்ணாடிக்குப் பின்னால் பாடம் செய்து நிறுத்திய புலியும் கூரையில் தொங்கும் திமிங்கல எலும்பும்தான். அதெல்லாம் வாசல் பக்கம். ஆராய்ச்சி நடப்பது பின்கட்டில், பார்வையாளர்கள் வராத அறைகளில், இரும்பு பீரோக்களுக்குள். ஆராய்ச்சிக்காகச் சேகரித்துப் பாதுகாக்கும் இந்தப் பறவை, செடி எல்லாவற்றையும் நாங்கள் மாதிரி என்போம். அங்கே இருக்கும் பறவைகள் நிற்பதில்லை, இழுப்பறையில் வரிசையாக மல்லாந்து கிடக்கும், கண்குழியில் பஞ்சு, காலில் நூலால் கட்டிய ஒரு சின்னச் சீட்டு. எந்த இடம், என்ன தேதி, யார் சேகரித்தது என்று அதில் எழுதியிருக்கும். பின்கட்டில் வேலை பார்க்கிற எங்களுக்குப் பறவையைவிட அந்தச் சீட்டுதான் பெரிது. இதை மாணவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள், அதனால் இப்போதெல்லாம் ஓர் ஆந்தையின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஃபாரஸ்ட் ஔலெட். மத்திய இந்தியக் காடுகளில் மட்டும் இருக்கிற சின்ன ஆந்தை, நம் ஊர்ப் புள்ளி ஆந்தைக்குக் கிட்டத்தட்ட அதே உருவம். 1872-இல் முதல் பறவை கிடைத்து, அடுத்த வருஷம் ஹியூம் என்ற பறவையியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். அந்த நூற்றாண்டோடு அது கண்ணில் படுவதே நின்றுபோனது. உலக அருங்காட்சியகங்களில் இருந்ததெல்லாம் பாடம் செய்த ஏழு தோல்கள். அவற்றில் கடைசியானது 1914-இல் குஜராத்தின் மாண்ட்வியில் தானே பிடித்தது என்று ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சீட்டு எழுதி வைத்திருந்தார். பறவையியலில் பெரிய பெயர் அவருக்கு, தன்னுடைய 20,000 பறவைத் தோல்களை 1954-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தவர். அவர் எழுதினால் யார் சந்தேகப்படுவார்கள்? புத்தகங்களில் மாண்ட்வியும் ஏறியது, 1914-உம் ஏறியது. சாலிம் அலி, டில்லன் ரிப்ளி போன்ற பெரிய பறவையியலாளர்களே தேடிப் பார்த்தும் ஆந்தை அகப்படவில்லை.

1990-களில் பமீலா ராஸ்முசென் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் அந்த ஏழு தோல்களையும் ஒன்றொன்றாக ஆராய்ந்தார். எக்ஸ்ரே எடுத்தார், பஞ்சை எப்படித் திணித்திருக்கிறார்கள், தையல் எப்படி என்றெல்லாம் பார்த்தார். தோலைப் பாடம் செய்வதில் ஆளுக்கு ஆள் ஒரு கைவாகு உண்டு. மைனெர்ட்ஸ்ஹாகனின் ஆந்தையில் தெரிந்ததோ ஜேம்ஸ் டேவிட்சன் என்பவருடைய கை, அவர் அதைப் பிடித்தது 1880-களில், இன்றைய மகாராஷ்டிரத்தின் கான்தேஷ் பகுதியில். சுருக்கமாகச் சொன்னால், மைனெர்ட்ஸ்ஹாகன் அதை மியூசியத்திலிருந்து திருடி, பஞ்சை மாற்றி, புதுச் சீட்டுக் கட்டித் தன்னுடையதாக்கிக்கொண்டிருக்கிறார். (ஆந்தையோடு போகவில்லை, அவருடைய சேகரிப்பில் இன்னும் எத்தனையோ பறவைகளின் சீட்டு பொய் என்று பிறகு தெரியவந்தது.)

ராஸ்முசென் அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, மற்ற சீட்டுகளில் இருந்த ஊர்களை மட்டும் வைத்துக்கொண்டு பென் கிங், டேவிட் அபாட் இருவரோடு இந்தியா வந்தார். கிழக்கே சில இடங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு கான்தேஷ் பக்கம் போனார்கள். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே, பட்டப்பகலில், இலையில்லாத மரத்தில் ஆந்தை உட்கார்ந்திருந்தது. 1884-இல் கிடைத்த கடைசி உண்மையான பறவைக்குப் பிறகு, 113 வருஷம் கழித்து! அப்புறம் மேல்காட் முதலான காடுகளிலும் கண்டுபிடித்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய ஒருவர் ஊர்ப் பெயரை ஒழுங்காக எழுதிவைத்ததால் கிடைத்த பறவை அது.

மாதிரி ஒன்று சீட்டே இல்லாமல் வந்தால் நாங்கள் ஒதுக்கி வைத்துவிடுவோம், அதனால் பெரிய கெடுதல் இல்லை. பொய்ச் சீட்டோடு வந்தால் நம்பிவிடுவோம், அதுதான் ஆபத்து.

தேதிக்கும் இதே கதைதான். டெரெக் ராட்க்ளிஃப் 1967-இல், பிரிட்டனில் பொரி வல்லூறுகளின் முட்டை ஓடு சுமார் 1947-இலிருந்து திடீரென மெலிந்துவிட்டது என்று காட்டினார். டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி பரவலாகப் புழக்கத்துக்கு வந்த காலம் அது. அவர் எடை போட்டதும் அளந்ததும் முட்டை சேகரிப்பவர்களும் அருங்காட்சியகங்களும் பல பத்தாண்டுகளாகப் பெட்டியில் வைத்திருந்த ஓடுகளை. அந்தச் சேகரிப்பாளர்களுக்குப் பூச்சிக்கொல்லி பற்றி ஒரு கவலையும் இருந்திருக்காது, தேதியை மட்டும் தவறாமல் எழுதினார்கள். அதேபோல இயன் வுட்வர்ட் 1987-இல் கேம்பிரிட்ஜ் ஹெர்பேரியத்தின் (செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேமிக்கும் இடம்) பழைய இலைகளில் இலைத்துளைகளை எண்ணிப் பார்த்தார். 200 வருஷத்தில் அவற்றின் அடர்த்தி சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது, காற்றில் கரியமில வாயு கூடக் கூட. அலைபேசிப் படம் போதாதா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், படத்தில் இலைத்துளையை எண்ண முடியாது, டி.என்.ஏ. எடுக்க முடியாது. படமும் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது நம்ம ஊர் நிலைமைக்கு வருகிறேன். பி.எஸ்சி. தாவரவியல் மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்கு ஹெர்பேரியம் தாள்கள் கொடுக்க வேண்டும். என் பார்வைக்கு வருபவற்றில் நிறைய, தேர்வுக்கு முந்தின வாரம் கல்லூரி மதிற்சுவர் ஓரம் பிடுங்கியது, சீட்டிலோ ஏற்காடு, கொல்லிமலை என்றிருக்கும். சீனியரின் தாளை வாங்கிப் பெயரை மாற்றி ஒட்டுவதும் உண்டு. மதிப்பெண்ணுக்குத்தானே என்று விட்டுவிடுகிறோம், ஆனால் அந்தத் தாள்கள் துறை பீரோவுக்குள் போய், இருபது வருஷம் கழித்து யாரோ ஒருவர் கொல்லிமலைத் தாவரப் பட்டியல் தயாரிக்கும்போது வெளியே வரும். மைனெர்ட்ஸ்ஹாகன் செய்ததும் இதேதான். மதிற்சுவர் ஓரம் என்றே எழுதுங்கள் அப்பா, மதிற்சுவர் ஓரத்துக் களைச்செடிக்கும் அறிவியலில் இடம் உண்டு.

எழுதும்போது மலையின் பெயரோடு நிறுத்தாதீர்கள். பக்கத்துக் கிராமம், எந்த ஓடை, எவ்வளவு உயரம், வயலோரமா சோலைக்காடா என்பதும் வேண்டும். ஜி.பி.எஸ். எண்ணோடு ஊர்ப் பெயரையும் எழுதுங்கள், ஓர் இலக்கம் தவறினால் செடி கடலுக்குள் போய்விடும், ஊர்ப் பெயர் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். பூவின் நிறம் காய்ந்தால் போய்விடும், மணமும் அப்படித்தான், இரண்டையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பால் பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம், மாதிரியை ஊறப்போடும் ஸ்பிரிட் பாட்டிலுக்குள் அந்த மை கரைந்து வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். பென்சில் போதும். பாட்டில் என்றால் சீட்டு உள்ளே இருக்க வேண்டும், வெளியே ஒட்டியதை முதல் பருவமழையின் ஈரமோ வெள்ளிமீன் பூச்சியோ முடித்துவிடும். இன்னொன்று, பறவை, பாம்பு, பட்டாம்பூச்சி என்று உயிரினங்களைப் பிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. செடியும் காப்புக்காட்டுக்குள் என்றால் அனுமதி வேண்டும்.

கடைசியாகத் துறைத்தலைவர்களுக்கு. அறை வேண்டும், கட்டடம் இடிக்கிறார்கள் என்று பழைய பீரோவைக் காலி செய்யும்போது, தயவுசெய்து மாதிரிகளை ஒருபக்கம், சீட்டுகளை ஒருபக்கம் என்று பிரித்துவிடாதீர்கள். சீட்டு கிழிந்திருந்தாலும், பெயர் தப்பாக இருந்தாலும், அதன்மேல் புதிதாக ஒட்ட வேண்டாம், பக்கத்தில் வையுங்கள். வெறும் கையால் தொடவும் வேண்டாம், ஏனென்றால் அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்கப் பறவைத் தோலில் ஆர்சனிக் சோப்பும் செடித்தாளில் பாதரச குளோரைடும் தடவினார்கள், இரண்டும் இன்றும் விஷம்தான். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், தூசி தட்டச் சொல்லி மாணவர்களை விடாதீர்கள். தூக்கி எறியும் முன் திருச்சியில் ராப்பினாட் ஹெர்பேரியம், கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகம் போன்ற இடங்களில் ஒரு வார்த்தை கேளுங்கள். விலங்கு மாதிரி என்றால் வனத்துறைக்குச் சொல்லாமல் இடம் மாற்ற வேண்டாம். பழைய பதிவேடு ஏதாவது இருந்தால், செல்லரித்திருந்தாலும் பரவாயில்லை, அதையும் கூடவே அனுப்புங்கள்.