வாக்கு எண்ணும் பொறி: கணிப்பும் அல்ல, பதிவும் அல்ல

‘உள்ளூர்த் தேர்தல்களில் தானியங்கி வாக்குக் கணிப்பு இயந்திரங்கள்: பயன்பாட்டு விதிகள்.’ கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நகராட்சித் தேர்தல் நடக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தமிழருக்கு விளக்கும் ஒரு குறிப்பின் தலைப்பு இது. ஒரே தலைப்பில் மூன்று சொற்கள் பிழை. இதையும் விஞ்சிய பிழை ஒன்று உண்டு. வாக்குத் தாள்களை எண்ணும் இதே கருவியை நம்மில் பலர் ‘மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொரு தேர்தல் பருவத்திலும் மேடையிலும் கலந்துரையாடலிலும் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. எழுதித்தான் ஆகவேண்டும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். வாக்காளர் தாளில் பேனாவால் குறியிடுகிறார், அல்லது பெயருக்குப் பக்கத்திலுள்ள வட்டத்தை நிரப்புகிறார். தாளைப் பெட்டியின்மேல் பொருத்திய கருவிக்குள் செலுத்துகிறார். கருவி தாளை வருடி, குறி எங்கே விழுந்திருக்கிறது என்று கண்டு, உரிய வேட்பாளர் கணக்கில் ஒன்றைச் சேர்த்துவிட்டுத் தாளைப் பெட்டிக்குள் விடுகிறது. தாள் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும். ஐயம் எழுந்தால் பெட்டியைத் திறந்து கையால் எண்ணிச் சரிபார்க்கலாம். ஸ்காட்லாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் 2007 முதல் தாள்களை எண்ணும் மையத்துக்குக் கொண்டுவந்து மொத்தமாக வருடுகிறார்கள். பிலிப்பீன்ஸில் 2010 முதல் தேசியத் தேர்தலோடு சேர்த்து நடக்கும் உள்ளாட்சித் தேர்தலுக்கும் இத்தகைய கருவிதான். முறை ஊருக்கு ஊர் வேறுபடலாம். வாக்கு தாளில் இருக்கிறது, கருவி எண்ண மட்டும் செய்கிறது என்பது எங்கும் ஒன்றே.

சொற்பிறப்பில் அதிக நேரம் தேவையில்லை. ‘வாக்கு’ வடமொழி ‘வாக்’கிலிருந்து வந்தது, பேச்சு, சொன்ன சொல் என்று பொருள். ‘ஓட்டு’ ஆங்கில ‘வோட்’டின் தமிழ் உரு. ‘எண்’ நம் சொல். எண்ணுதல் என்பது ஒன்று இரண்டு என்று தொகை காண்பதையும் குறிக்கும், மனத்தால் நினைப்பதையும் குறிக்கும். இங்கே முதற்பொருள்.

இனி, சண்டைக்கு வருகிறேன்.

‘மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்’ என்பது இந்தியாவில் வேறொரு கருவியின் பெயர். 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் முதன்முதலாகச் சில வாக்குச்சாவடிகளில் வைத்துப் பார்த்தார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் வந்துவிட்டது. அதில் வாக்காளர் பொத்தானை அழுத்துகிறார். அவர் கையால் குறியிட்ட தாள் என்று ஒன்று கிடையாது. வாக்கு கருவியில்தான் பதிவாகிறது, ஆகவே அதற்கு ‘வாக்குப்பதிவு’ என்ற பெயர் முற்றிலும் பொருந்தும். வாக்காளர் கண்ணால் கண்டு உறுதிசெய்ய ஒரு தாள் வேண்டும் என்ற குரல் எழுந்து, பிறகு அச்சிடும் துணைக்கருவி சேர்ந்தது. அதற்குத் தமிழகத்தில் ‘ஒப்புகைச் சீட்டு’ என்று பெயர் வைத்தார்கள். அஞ்சலகத்து ஒப்புகை அட்டையை அறிந்தவர் எவருக்கும் விளங்கும் நல்ல பெயர். யார் வைத்தாரோ, அவருக்கு என் வணக்கம்.

ஒன்றில் தாள் வாக்கின் சான்று. மற்றொன்றில் தாளே வாக்கு. இந்த வேறுபாட்டைச் சுற்றித்தான் உலகெங்கும் வழக்குகளும் விவாதங்களும் நடந்தன. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல், 2005 தேர்தலில் பயன்பட்ட வாக்களிக்கும் கருவிகள் அரசியலமைப்புக்கு ஒவ்வாதவை என்று தீர்ப்பளித்தது. தனி நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளைச் சரிபார்க்கக் கூடியதாக இருக்கவேண்டும் என்பதே அதன் காரணம். இரு வகைக் கருவிக்கும் ஒரே தமிழ்ப் பெயரைச் சூட்டினால் அந்தத் தீர்ப்பைத் தமிழில் எப்படி விளக்குவது?

சிங்கப்பூரில் இந்தப் பெயர்க் குழப்பம் இன்னும் கெடுதல் செய்யும். 2020 பொதுத்தேர்தலிலிருந்து வாக்களிப்பு நிலையத்தில் நம் அடையாள அட்டையை வருடித்தான் வருகையைப் பதிகிறார்கள். அதுவே இங்கே ‘மின்பதிவு’. பதிவு முடிந்ததும் தாள் வாங்கி, மறைவுக்குச் சென்று, முத்திரைப் பேனாவால் குறியிட்டு, பெட்டியில் போடுகிறோம். பதிவு வேறு, வாக்கு வேறு. இந்நிலையில் ஒருவர் மேடையேறி ‘மின்னணு வாக்குப்பதிவு’ என்றால், முன்வரிசையில் இருக்கும் பாட்டிக்கு என்ன விளங்கும்? “அட்டையை வருடும்போதே என் ஓட்டும் பதிவாயிடுதா தம்பி?” என்றுதான் கேட்பார். வாக்கு இரகசியம் என்று தேர்தல் துறை ஒவ்வொரு முறையும் வலியுறுத்திச் சொல்லிவருகிறது. அந்த நம்பிக்கையை ஒரு கவனமற்ற மொழிபெயர்ப்பு குலைத்துவிடக் கூடாது. இந்த ஒரு காரணமே அந்தப் பெயரை ஒதுக்கப் போதும்.

அடுத்து ‘வாக்குக் கணிப்பு இயந்திரம்’. ‘கணிப்பி’, ‘கணிப்பான்’ என்ற வடிவங்களும் உலவுகின்றன. இதை முன்வைப்பவர்கள் தமிழ்ப்பற்றாளர்கள் என்பதால் வருத்தம் அதிகம். அவர்கள் வாதம் எனக்குத் தெரியும்: கணிதம், கணினி, கணக்கு எல்லாம் இதே குடும்பம், பள்ளிப் பிள்ளைகள் கையில் இருப்பதும் கணிப்பான்தானே, ஆகவே கூட்டிக் கணக்கிடும் கருவிக்குக் ‘கணி’ பொருத்தம். அகராதியை மட்டும் பார்த்தால் சரி. ஆனால் சொல்லுக்கு அகராதியில் ஒரு வாழ்வு, வாய்வழக்கில் ஒரு வாழ்வு. கணியன் என்றால் வருவதைச் சொல்பவன். சோதிடர் கணிக்கிறார். பங்குச் சந்தை ஆய்வாளர் கணிக்கிறார். பந்தாட்டத்தில் யார் வெல்வார் என்று தேக்கா காப்பிக்கடையில் கணிக்கிறோம். இன்னும் தெரியாத ஒன்றை முன்கூட்டி மதிப்பிடுவதே இன்றைய தமிழில் கணிப்பு.

தேர்தல் என்ற சூழலில் வைத்தால் அது இன்னும் தெளிவு. ‘கருத்துக்கணிப்பு’ என்று ஒரு சொல் உறுதியாக நிலைத்துவிட்டது. தேர்தல் ஆணை பிறப்பித்த நாளிலிருந்து வாக்களிப்பு முடியும்வரை தேர்தல் கருத்துக்கணிப்பு முடிவுகளை வெளியிடுவது சிங்கப்பூரில் குற்றம். வாக்களித்து வெளியே வருவோரிடம் கேட்டு எடுக்கும் கணிப்பையும் வாக்களிப்பு முடியுமுன் வெளியிடக்கூடாது. அப்படியிருக்க, அதிகாரி ஒருவர் வாக்களிப்பு நாளன்று ‘வாக்குக் கணிப்பு’ நடத்துகிறார் என்று எழுதினால், சட்டம் தடுத்த ஒன்றை அதிகாரியே செய்கிறார் என்றாகிவிடுகிறது!

‘மாதிரி வாக்கு எண்ணிக்கை’ என்ற நம் சொல்லையும் இங்கே நினைக்கவேண்டும். 2015 பொதுத்தேர்தல் முதல் தேர்தல் துறை அதை வெளியிட்டுவருகிறது. ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலிருந்தும் 100 தாள்களைக் குலுக்கல் முறையில் எடுத்து எண்ணி, இறுதி முடிவு எப்படி இருக்கக்கூடும் என்று காட்டுவது. 95 விழுக்காட்டு உறுதியோடு, 4 விழுக்காட்டுப் புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். கணிப்பு என்ற சொல் எதற்காவது ஓரளவு பொருந்தும் என்றால் இதற்குத்தான் பொருந்தும். ஆனால் இதற்கே ‘எண்ணிக்கை’ என்று பொறுப்போடு பெயர் வைத்தார்கள், எண்ணுவது உண்மையான தாள்களை என்பதால். மதிப்பீட்டுக்கே ‘எண்ணிக்கை’ என்று பெயர் வழங்கும் ஊரில், கடைசித் தாள்வரை முழுதாக எண்ணும் கருவிக்குக் ‘கணிப்பு’ என்று பெயரா? ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

‘அட்டவணைப்படுத்தி’ என்றும் ஒன்றைப் பார்த்தேன். வட அமெரிக்காவில் இக்கருவியை ‘டேபுலேட்டர்’ என்கிறார்கள். அதில் ‘டேபிள்’ தெரிந்ததும் கை தானாக ‘அட்டவணை’ என்று எழுதிவிட்டது. 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹோலரித் துளையிட்ட அட்டைகளை எண்ணும் கருவியைச் செய்தார். அந்தக் காலத்துப் பெயர் இது. கருவி என்ன செய்கிறது என்று ஒரு கணம் பார்த்திருந்தால் இந்தச் சொல் பிறந்திருக்காது.

‘தானியங்கி’யும் வேண்டாம். வாக்காளர் தாளைச் செலுத்தாமல் கருவி அசையாது. காலையில் அதிகாரி சோதித்து, எல்லா வேட்பாளருக்கும் பூச்சியம் என்று அச்சிட்டுக் காட்டாமல் வாக்களிப்பு தொடங்காது. ஆங்கில மூலத்தில் இருக்கிறதே என்பார்கள். ஆங்கிலத்திலேயே அந்தப் பெயர் நிலைத்ததல்ல. பிலிப்பீன்ஸ் தேர்தல் ஆணையம் 2016இல் வெறும் ‘வோட் கவுண்ட்டிங் மெஷின்’ என்றது. 2025இல்தான் ‘ஆட்டோமேட்டட்’ சேர்ந்தது. அங்கும் வாக்காளர்தான் தாளை ஊட்டுகிறார். கையால் எண்ணுவதிலிருந்து வேறுபடுத்தவே அந்த அடைமொழி. தமிழில் ‘பொறி’ என்ற சொல்லே அந்த வேலையைச் செய்துவிடும்.

‘இயந்திரம்’ என்று எழுதினால் பிழையில்லை. ‘பொறி’ என்பது என் தேர்வு. எலிப்பொறி நினைவுக்கு வருகிறது என்போருக்கு: பொறியியலும் பொறியாளரும் நம் பல்கலைக்கழகங்களில் தயங்காமல் நடமாடவில்லையா? இன்னொரு காரணமும் எனக்கு உண்டு. அகநானூற்றின் 77ஆம் பாட்டில், கயிற்றால் கட்டிய குடத்திலிருந்து ஓலையை எடுக்குமுன் மேலே இட்ட ‘பொறி’யைக் கண்டு அதன்பின் அதை நீக்கும் ஆவண மாக்கள் வருகிறார்கள். அங்கே பொறி என்றால் முத்திரை. பெட்டியையும் முத்திரையையும் காக்கும் வேலைக்கும் இந்தச் சொல்லுக்கும் பழைய உறவு. அதற்காகக் குடவோலையை இழுத்துவந்து புதுச்சொல் ஆக்கவேண்டாம். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்வது குலுக்கலை. குடத்திலிருந்து ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான், வாக்குகளை யாரும் எண்ணவில்லை.

சுருக்கிக் கொள்ளலாமே என்பார்கள். ‘வாக்கெண்ணி’ என்றால் ‘வாக்கெண்ணி முடித்தார்கள்’ என்ற தொடரில் அது கருவியா வினையெச்சமா என்று தடுமாறும். ‘வாக்கெண் பொறி’ இலக்கணப்படி வினைத்தொகை, கேட்க அழகு. படிப்பவர் கண்ணுக்கோ ‘வாக்கு எண்’ என்ற இலக்கம்தான் முதலில் தெரியும். தாளில் வரிசை எண் அச்சிட்டிருக்கும் ஊரில் அந்தத் தடுமாற்றம் வேண்டாம். ஆகவே ‘வாக்கு எண்ணும் பொறி’. விதி வாசகத்தில் இன்னும் துல்லியம் வேண்டுமானால் ‘வாக்குச்சீட்டு எண்ணும் பொறி’. நீளம் குறையில்லை.

‘உள்ளூர்த் தேர்தல்’ பற்றி. நம் செய்திகளில் ‘உள்ளூர்’ என்றால் சிங்கப்பூர். உள்ளூர்ச் செய்தி, உள்ளூர்க் கலைஞர். தலைப்பைப் படிப்பவர் சிங்கப்பூர்ப் பொதுத்தேர்தலில் ஏதோ புது இயந்திரம் வருகிறது என்றுதான் கொள்வார். சொல்லவேண்டியது ‘உள்ளாட்சித் தேர்தல்’. நமக்கு அது பழக்கமில்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் நகரசபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 1957 டிசம்பரில். இன்றைய நகர மன்றங்களுக்குத் தனித் தேர்தல் இல்லை. 1988 சட்டப்படி அவற்றை நாடாளுமன்ற உறுப்பினர்களே நடத்துகிறார்கள். பழக்கமில்லாத பொருளுக்குத்தான் மொழிபெயர்ப்பாளர் இருமடங்கு கவனம் எடுக்கவேண்டும்.

அந்தக் குறிப்பின் உள்ளே போனால் தலைப்பே தேவலை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் எண்ணும் பொறியைப் பயன்படுத்த விரும்பும் நகராட்சி அதற்கென ஒரு துணைச்சட்டம் இயற்றவேண்டும். வாக்காளர் அளவுக்கு மேல் குறியிட்டிருந்தால் பொறி தாளை ஏற்காமல் வெளியே தள்ளும். குறிப்பு இதை ‘நிராகரிக்கப்பட்ட வாக்கு’ என்கிறது. நிராகரிப்பு என்பது எண்ணும்போது அதிகாரி ஆராய்ந்து, செல்லாது என்று எடுக்கும் முடிவு. இங்கே வாக்காளர் இன்னும் நிலையத்தில்தான் நிற்கிறார், உரிமை அவர் கையில் இருக்கிறது. பழைய தாளைக் கொடுத்துப் புதியது கேட்கலாம். வேண்டாம், இதையே ஏற்கட்டும் என்றும் சொல்லலாம். அப்போது முறையாகக் குறியிட்ட பகுதிகள் எண்ணப்படும். நம் சட்டத்திலும் தவறுதலாகத் தாளைப் பாழாக்கியவர் பெட்டியில் போடுமுன் வேறு தாள் கேட்கலாம். ‘பாழான சீட்டு’, ‘செல்லாத வாக்கு’, ‘திருப்பித் தந்த சீட்டு’ மூன்றும் மூன்று நிலை. மூன்றையும் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரே மூட்டையில் கட்டினால், குறி தவறிய வாக்காளர் ‘என் ஓட்டுப் போச்சு’ என்று வீடு திரும்பிவிடுவார்.

மொழிபெயர்ப்போர் பலர் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். படிப்பவர் அதை வைத்து ஒரு செயலைச் செய்யப்போகிறார் என்ற நினைவே இல்லை. விதியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “உள்ளாட்சித் தேர்தலில் வாக்குச்சீட்டு எண்ணும் பொறி ஒரு சீட்டைத் திருப்பித் தந்தால், வாக்காளர் அதை நிலைய அதிகாரியிடம் கொடுத்து வேறு சீட்டு வாங்கிக்கொள்ளலாம். வேறு சீட்டு வேண்டாம் என்றால், அதே சீட்டை ஏற்கும்படி கேட்கலாம். அதில் முறையாக இட்ட குறிகள் மட்டும் எண்ணப்படும். பொறி பழுதானால், பெட்டியில் இதற்கென ஒதுக்கிய தனி அறையில் சீட்டைப் போடவேண்டும். அங்கே போட்ட சீட்டுகளும் பிறகு எண்ணப்படும்.”