மடிக்கணினியின் கீச்சொலி எங்கிருந்து வருகிறது?

காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டின் வளவில் அமர்ந்து இரவில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள், தன் மடிக்கணினியிலிருந்து கொசுவின் ரீங்காரத்தைவிடக் கூர்மையான ஓர் ஓசை விடாமல் வருவதாகச் சொன்னாள். அறுபதை நெருங்கும் என் காதுக்கு எதுவும் எட்டவில்லை. ஒலியின் அலைவெண்ணைப் படமாகக் காட்டும் செயலியைக் கைப்பேசியில் திறந்தபோது, 13,000 ஹெர்ட்சுக்கு அருகில் மெல்லிய கோடு ஒன்று அசையாமல் நின்றது. இளம் வயதில் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்சு வரை கேட்கும் செவி, வயது ஏற ஏற மேல்முனையிலிருந்தே திறனை இழந்துவருகிறது. ஆகவே, பெரியவர்களுக்குக் கேட்காத ஓசையைப் பிள்ளைகள் சொன்னால் அதைப் பிரமை என்று தள்ளிவிடக் கூடாது.

மடிக்கணினிக்குச் சார்ஜர் தருவது பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ட்டு. பிராசஸருக்கு வேண்டியதோ ஏறத்தாழ 1 வோல்ட்டு. இந்த இறக்கத்தைச் செய்யும் சுற்றில், நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடப்படும் மின்சாரம் ஒரு கம்பிச்சுருளின் வழியே பாய்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் காந்தப்புலம் ஏறி இறங்குவதால் சுருளின் சுற்றுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. நடுவில் உள்ள காந்தப்பொருளும் நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகிறது. காந்தப்புலத்தில் இரும்பின் நீளம் மாறுவதை ஜேம்ஸ் ஜூல் 1842இலேயே கண்டறிந்திருந்தார். சுருளை ஒட்டி வரிசையாக அமர்ந்திருக்கும், அரிசியைவிடச் சிறிய பீங்கான் மின்தேக்கிகளும் அசைகின்றன. அவற்றில் உள்ள பேரியம் டைட்டனேட், மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் வடிவம் மாறும் பொருள். தனியொரு மின்தேக்கியின் அசைவு காற்றை அதிரச் செய்யப் போதாது. ஆனால் அது பற்றவைக்கப்பட்டுள்ள பலகையும் சேர்ந்து வளைவதால், வீணைத் தந்தியின் அதிர்வைக் குடம் பெருக்கித் தருவதுபோல் ஓசை பெருகிவிடுகிறது.

பல லட்சம் ஹெர்ட்சு எவர் காதிலும் விழாது. சிக்கல் எழுவது, சுற்றுக்கு வேலை குறையும்போதுதான். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக அது துடிப்புகளைத் தொடர்ந்து அனுப்பாமல், கொத்துக் கொத்தாக அனுப்பி இடையிடையே ஓய்வெடுக்கிறது. அந்தக் கொத்துகள் வரும் வேகம் நம் செவியின் எல்லைக்குள் இறங்கிவிடுகிறது. பிராசஸர் உறங்கி விழிப்பதும் இப்படித்தான்: நொடிக்கு 1,000 முறை விழித்தால், 1,000 ஹெர்ட்சு ஓசையும் அதன் மடங்குகளும் பிறக்கும். பக்கத்தை உருட்டும்போது சுருதி மாறுவதற்குக் காரணம் இதுவே.

திசையைக் காதால் கண்டுபிடிப்பது எங்கள் வீட்டில் இன்னும் கடினம். 10,000 ஹெர்ட்சு ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 3.4 சென்டிமீட்டர்தான். முட்டை வெள்ளைக்கரு கலந்து பளிங்காக இழைத்த சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் அதை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதால், தலையைச் சற்றே நகர்த்தினாலும் ஓசை கூடுகிறது, குறைகிறது. எனவே காதை நம்புவதைவிட, ஒவ்வொன்றாக ஒரு நிலையை மட்டும் மாற்றி, ஓசை எதற்கு இசைந்து மாறுகிறது என்று கவனிப்பதே சரியான வழி. திரையின் வெளிச்சத்தைக் கூட்டும்போது மாறினால் திரைக்கான சுற்றையும், கனமான வேலை கொடுத்தவுடன் மாறினால் பிராசஸரின் சுருள்களையும் ஐயப்படலாம். காற்றாடியின் ஓசை, அது சுழலும் வேகத்தோடு மெல்ல ஏறி இறங்கும் என்பதால் எளிதில் பிரித்தறியலாம்.

அன்று வெளிச்சத்தை மாற்றினோம், பக்கங்களை உருட்டினோம்; கோடு அசையவில்லை. சார்ஜரைக் கழற்றியதும் மறைந்தது. மீண்டும் மாட்டி, செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்தபடி மறுமுனையை அவள் நகர்த்திக்கொண்டே போனாள். மடிக்கணினியின் மேல் ஒன்றுமில்லை. தரையில் கிடந்த சார்ஜர் பெட்டிக்கு நேரே வந்ததும், "இங்கதான் சித்தப்பா" என்றாள். சார்ஜருக்குள்ளும் இப்படியொரு சுற்று உண்டு; பேட்டரி முழுதும் நிறைந்திருந்ததால், வேலையற்ற சார்ஜர் கொத்துத் துடிப்பில் இயங்கிக்கொண்டிருந்தது.

இதனால் கருவிக்குப் பெரும்பாலும் கேடில்லை. ஆனால் கருகல் வாடையோ வழக்கத்துக்கு மாறான சூடோ சேர்ந்துவந்தால் சார்ஜரை மாற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கும் மின்தேக்கியில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், ஓசையை அடக்குவதற்காகச் சார்ஜரைத் திறந்து பசை ஊற்றிப் பார்க்கவே கூடாது. பேட்டரிதான் நிறைந்துவிட்டதே என்று பிளக்கைக் கழற்றிவிட்டு அவள் தொடர்ந்து படித்தாள்.